ட்ரிகர் எதற்கு ஓடும், எதற்கு ஓடாது

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்துத் தோல் பேக்டரிகளுக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பதும் அதைப் பராமரிப்பதும் என் பிழைப்பு. ட்ரிகர் என்றால், டேபிளுக்கு ஒரு கமாண்ட் வந்ததும் டேட்டாபேஸ் தானாக ஓட்டும் சின்ன கோட். என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகள் ட்ரிகரைத் தொட்டதும் கேட்கிற கேள்வி இரண்டுதான். "அக்கா, ட்ரிகர் போட்டிருக்கேன், ஓடவே இல்ல." அல்லது, "அக்கா, நான் ஒண்ணுமே மாத்தல, ஆனா ட்ரிகர் ஓடியிருக்கு." இரண்டுக்கும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: எந்த கமாண்ட் வந்தது, எந்த வழியாக வந்தது?

டேட்டா மாறியதா என்று ட்ரிகர் பார்ப்பதே இல்லை. பேக்டரி கேட்டில் இருக்கும் வாட்ச்மேன், உள்ளே வருகிறவர் பெயரை நோட்டில் எழுதுவார். வந்தவர் வேலை செய்தாரா, டீ குடித்துவிட்டுப் போனாரா என்பது அவர் கணக்கில் இல்லை. பின்சுவர் ஏறிக் குதித்தவன் சரக்கையே தூக்கிப் போனாலும் நோட்டில் அவன் பெயர் இருக்காது. ட்ரிகரும் அப்படித்தான். எது கேட், எது பின்சுவர் என்பது மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர், எஸ்கியூலைட் என ஒவ்வொரு டேட்டாபேஸிலும் வேறு வேறு. அதனால் மனப்பாடம் செய்வதைவிட, நாமே ஒரு டேபிள் போட்டு ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் சோதனைக்கு இரண்டு டேபிள் போடுங்கள். ஒன்று 'லாட்' (ஒன்றாக வரும் தோல் தொகுதி): லாட் எண், பார்ட்டி, பீஸ், சதுர அடி, நிலை. தோல் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பச்சைத் தோல் குரோம் பதம் ஆனதும் நீலமாக வரும், அது வெட் புளூ. மறுபதம் ஆகிக் காய்ந்தால் கிரஸ்ட். பூச்சு எல்லாம் முடிந்தால் ஃபினிஷ். 'நிலை' என்ற காலத்தில் (டேபிளின் நெடுவரிசையில்) இந்தப் பெயர்கள்தான் மாறி மாறி வரும். சதுர அடி, அளக்கும் மெஷினில் தோல் ஏறும்வரை 'நல்' (மதிப்பே இல்லாத வெற்று) என்று இருக்கும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இன்னொரு டேபிள் 'சாட்சி': தானாக ஏறும் எண், நேரம், எந்த ட்ரிகர், பழைய நிலை, புதிய நிலை.

அடுத்து லாட் டேபிளின் மேல் ஆறு ட்ரிகர். இன்சர்ட் (வரி சேர்ப்பது), அப்டேட் (திருத்துவது), டெலீட் (நீக்குவது) மூன்றுக்கும் பிஃபோர் (அது நடக்கும் முன்) ஒன்று, ஆஃப்டர் (நடந்த பின்) ஒன்று. ஃபோனில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னால், "கிரியேட் ட்ரிகர் லாட் அப்டேட் பின், ஆஃப்டர் அப்டேட் ஆன் லாட், ஃபார் ஈச் ரோ, சாட்சியில ஒரு வரி இன்சர்ட் பண்ணு." ஆறும் இதே அச்சு. மைஎஸ்கியூஎல்லில் ஒரு ட்ரிகருக்கு ஒரு நிகழ்வுதான் என்பதால் ஆறையும் தனித்தனியாகவே எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் மூன்றிலும் ஒரே ட்ரிகருக்குள் பல நிகழ்வுகளைச் சேர்க்கலாம். வந்தது எது என்பதை உள்ளே கேட்டுக்கொள்ளலாம்.

இனி ஒவ்வொரு கமாண்டாகக் கொடுத்துவிட்டு சாட்சி டேபிளைப் படியுங்கள்.

இன்சர்ட் சுலபம். ஒரே இன்சர்ட்டில் மூன்று லாட் ஏற்றினால், ஃபார் ஈச் ரோ போட்ட ட்ரிகர் மூன்று தடவை ஓடும். பழைய வரி என்று எதுவும் இல்லாததால் 'ஓல்ட்' கிடையாது, 'நியூ' மட்டும் உண்டு. பிஃபோரில் 'நியூ'வைத் திருத்தலாம். பார்ட்டி பெயரில் ஓரத்து இடைவெளியை வெட்டுவது, நிலை காலியாக வந்தால் 'பச்சை' என்று நிரப்புவது எல்லாம் இங்கேதான். மைஎஸ்கியூஎல்லில் பிஃபோர் இன்சர்ட்டில் நின்று, தானாக ஏறும் எண்ணை எட்டிப் பார்த்தால் 0 என்றுதான் வரும். எண் அதற்கப்புறம்தான் ஒதுக்கப்படுகிறது. அந்த எண் தேவைப்படும் வேலையை ஆஃப்டருக்குத் தள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் டீஃபால்ட் மதிப்பு முன்னாலேயே போடப்பட்டுவிடுவதால் பிஃபோரிலேயே எண் தெரியும்.

மொத்தமாக ஏற்றும்போதுதான் சிக்கல். ஏப்ரல் 1 ஆனால் ஓபனிங் ஸ்டாக்கை எக்செல்லில் இருந்து ஏற்றச் சொல்வார்கள். மைஎஸ்கியூஎல்லின் லோட் டேட்டா இன்சர்ட் ட்ரிகரை ஓடவிடும். போஸ்ட்கிரெஸ்ஸின் காப்பியும் ஓடவிடும். எஸ்கியூஎல் சர்வரின் பல்க் இன்சர்ட் ஓடவிடாது, ஃபயர் ட்ரிகர்ஸ் என்று தனியாகச் சொன்னால்தான் ஓடும். ஆரக்கிளில் எஸ்கியூஎல் லோடரை டைரக்ட் பாத் முறையில் விட்டால் இன்சர்ட் ட்ரிகர்கள் அந்த நேரத்துக்கு அணைந்திருக்கும். வேகம் வேண்டும் என்று போட்ட குறுக்குவழி அது. இடைவெளி வெட்டுவதும் நிலை நிரப்புவதும் ட்ரிகரில் இருந்தால், இப்படி ஏறிய வரிகளில் அவை நடந்திருக்காது. ஏற்றி முடித்ததும் ஒரு செலக்ட் போட்டு, நிலை காலியான வரி எத்தனை என்று எண்ணிவிடுங்கள்.

அப்டேட்டில்தான் பாதிப் பஞ்சாயத்து. ஒரு பேக்டரியில் கணக்குப் பார்க்கும் அண்ணன் கூப்பிட்டார். "ஏம்மா, நான் லாட்டைத் தொறந்து பாத்துட்டு சேவ் பண்ணேன், அவ்ளோதான். நிலை மாத்தின லிஸ்ட்ல என் பேரு வரிசையா வருது. மொதலாளி, எதுக்கு இத்தன வாட்டி மாத்துறேன்னு கேக்குறாரு." அவர் மேல் தப்பில்லை. பெரும்பாலான ஃபார்ம்கள் சேவ் அழுத்தியதும் எல்லாக் காலத்தையும் சேர்த்து அப்டேட் அனுப்பிவிடும். 'வெட் புளூ' இருந்த இடத்தில் மறுபடி 'வெட் புளூ' என்றே எழுதினாலும் அது அப்டேட்தான். 'வேர்' நிபந்தனையில் (எந்த வரிகள் என்று சொல்லும் பகுதியில்) அந்த வரி சிக்கிவிட்டால் ட்ரிகர் ஓடும். சோதனை டேபிளில் 'நிலையை அதே நிலையாக வை' என்று ஒரு அப்டேட் கொடுத்துப் பாருங்கள். சாட்சியில் பழையதும் புதியதும் ஒரே பெயராக, பிஃபோருக்கு ஒன்று, ஆஃப்டருக்கு ஒன்று என்று இரண்டு வரி விழுந்திருக்கும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் 'அப்டேட் ஆஃப் நிலை' என்று காலத்தைக் குறிப்பிட்டு ட்ரிகர் போடலாம். அதை எழுதிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். செட் பட்டியலில் (அப்டேட்டில் மாற்றச் சொல்லும் காலங்களில்) 'நிலை' இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது, மதிப்பு மாறியதா என்று அல்ல. இன்னொரு பிஃபோர் ட்ரிகர் உள்ளுக்குள்ளே நிலையை மாற்றினால் அந்த மாற்றம் இதன் கண்ணில் படாது, ஏனென்றால் செட் பட்டியலில் அது இல்லை. எஸ்கியூஎல் சர்வரில் ட்ரிகருக்குள் 'அப்டேட்' என்ற ஃபங்ஷனுக்குக் காலம் பெயரைக் கொடுத்துக் கேட்டாலும் இதே கதை: காலம் செட்டில் வந்திருந்தால் ஆமாம் என்று சொல்லும்.

அப்படியானால் ஒப்பிட்டுப் பார்ப்பது நம் பொறுப்பு. இங்கே எல்லோரும் முதலில் எழுதுவது, 'ஓல்டும் நியூவும் சமமில்லை என்றால்' என்பது. நிலைக்கு இது போதும். சதுர அடிக்குப் போதாது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை, தெரியாது என்று வரும். தெரியாது என்றால் இஃப் உள்ளே போகாது. அளக்கும் மெஷினில் ஒரு லாட் முதல் தடவை ஏறுகிறது. சதுர அடி நல்லில் இருந்து 1,240 ஆகிறது. பில் போடுவதற்கு ஆதாரமான மாற்றமே இதுதான், சாட்சியில் அது மட்டும் இருக்காது. அப்புறம் 1,240 என்பதை 1,238 என்று திருத்தினால் அது ஒழுங்காகப் பதிவாகும். பார்க்கிறவருக்கு ட்ரிகர் நன்றாக வேலை செய்கிறது என்றே தோன்றும். போஸ்ட்கிரெஸ்ஸில் 'இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம்' என்று எழுதுங்கள். மைஎஸ்கியூஎல்லில் சின்னது, சமம், பெரியது என்ற மூன்று குறியும் சேர்ந்த நல்-பத்திரமான ஒப்பீடு உண்டு, அதற்கு முன் நாட் போட்டால் சரி. போஸ்ட்கிரெஸ்ஸில் இந்த நிபந்தனையை ட்ரிகரின் வென் பகுதியிலேயே வைத்துவிட்டால் ஃபங்ஷனைக் கூப்பிடும் செலவும் மிச்சம்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு மொத்த அப்டேட் என்றால் 2019 நினைவுக்கு வரும். வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டைக்குப் போனது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கு, குடியாத்தமும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே. பார்ட்டி டேபிளில் மாவட்டம் என்று ஒரு காலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அன்றைக்கு ஊரை வைத்து மாவட்டத்தை மாற்றும் அப்டேட் எழுத வேண்டியிருந்தது. ஒரே கமாண்ட்தான். ஆனால் ஃபார் ஈச் ரோ ட்ரிகர், சிக்கிய ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு முறை ஓடும். முகவரி மாறினால் பார்ட்டிக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்று ட்ரிகர் வைத்திருந்தால், பிரித்தது அரசாங்கம், செய்தி போவது நம் பெயரில். இம்மாதிரி வேலைக்கு முன்னால் அந்த டேபிளின் ட்ரிகர்கள் ஒவ்வொன்றையும் படித்து, இந்த அப்டேட்டுக்கு இது ஓட வேண்டுமா என்று கேட்பது என் வழக்கம். எஸ்எம்எஸ் வேண்டாம், மாற்றப் பதிவு வேண்டும் என்று பிரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அணைக்கக் கூடாது.

டெலீட்டுக்கு 'ஓல்ட்' மட்டும் உண்டு. ட்ரங்கேட் டெலீட் அல்ல. மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் ட்ரங்கேட் கொடுத்தால் லாட் டேபிள் காலியாகும், டெலீட் ட்ரிகர் அசையாது, சாட்சியில் ஒரு வரியும் வராது. போஸ்ட்கிரெஸ்ஸில் ட்ரங்கேட்டுக்கென்றே ட்ரிகர் போடலாம். அது கமாண்டுக்கு ஒரு தடவை ஓடுமே தவிர வரிக்கு வரி ஓடாது, போன வரிகள் எவை என்பதும் அதற்குத் தெரியாது. தடுத்து நிறுத்த மட்டும் நன்றாகப் பயன்படும். டிராப் டேபிள் கொடுத்தால் டேபிளோடு அதன் ட்ரிகர்களும் போய்விடும், டெலீட் ட்ரிகர் ஓடாது.

இதைவிட மோசமான பின்சுவர் ஃபாரின் கீ கேஸ்கேட். பார்ட்டியை நீக்கினால் அதன் லாட்களும் சேர்ந்து நீங்க வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். மைஎஸ்கியூஎல் 8.0-வில் பார்ட்டி டேபிளின் டெலீட் ட்ரிகர் ஓடும். கேஸ்கேட்டால் போன லாட்களுக்கு லாட் டேபிளின் டெலீட் ட்ரிகர் ஓடாது. போஸ்ட்கிரெஸ்ஸிலும் எஸ்கியூஎல் சர்வரிலும் ஓடும். ஒரு வாடிக்கையாளர் இடத்தில் பழைய பார்ட்டி ஒன்றை அலுவலகத்தில் யாரோ நீக்கியதில் மூடிய லாட்கள் எல்லாம் போயிருந்தன. மாற்றப் பதிவில் தேடினால் லாட் பக்கம் ஒரு தடயமும் இல்லை. நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தால் சோதனை டேபிளில் செய்து பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் மாற்றப் பதிவு முக்கியம் என்றால் கேஸ்கேட் வைக்காமல், பார்ட்டியின் பிஃபோர் டெலீட்டுக்குள் நீங்களே லாட்களை டெலீட் செய்யுங்கள். அப்போது அது நேரான டெலீட், லாட்டின் ட்ரிகர் ஓடும்.

'இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்' வகைக் கமாண்ட்களில் சாட்சி டேபிளைப் படிப்பது சுவாரசியம். மைஎஸ்கியூஎல்லில் இன்சர்ட்டோடு 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' சேர்த்து, ஏற்கெனவே இருக்கும் லாட் எண்ணைக் கொடுங்கள். முதலில் பிஃபோர் இன்சர்ட், பிறகு பிஃபோர் அப்டேட், ஆஃப்டர் அப்டேட் என்று மூன்று வரி விழும். ஆஃப்டர் இன்சர்ட் வராது. அதாவது பிஃபோர் இன்சர்ட் ஓடியதாலேயே புது வரி சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிஃபோர் இன்சர்ட்டில் 'இன்றைய புது லாட்' எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தால் கணக்கு உப்பிவிடும். போஸ்ட்கிரெஸ்ஸின் 'ஆன் கான்ஃப்ளிக்ட்'டிலும் பிஃபோர் இன்சர்ட் முதலில் ஓடிவிடும். மைஎஸ்கியூஎல்லின் ரிப்ளேஸ் இன்னும் முரட்டுத்தனம்: மோதும் பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். பிஃபோர் இன்சர்ட், பிஃபோர் டெலீட், ஆஃப்டர் டெலீட், ஆஃப்டர் இன்சர்ட் என்று நான்கு வரி. அப்டேட் ட்ரிகருக்கு வேலையே இல்லை. எஸ்கியூலைட்டிலும் ரிப்ளேஸ் உண்டு, ஆனால் ரிகர்சிவ் ட்ரிகர்ஸ் என்ற ப்ராக்மாவை (செட்டிங்கை) ஆன் செய்தால் ஒழிய அங்கே டெலீட் ட்ரிகர் ஓடாது.

வரிக்கு ஒரு தடவையா, கமாண்டுக்கு ஒரு தடவையா என்பது அடுத்தது. மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூலைட்டிலும் வரிக்கு வரி மட்டும்தான். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் இரண்டிலும் இரண்டு விதமும் உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஃபார் ஈச் ஸ்டேட்மென்ட் என்றே எடுத்துக்கொள்ளும். எஸ்கியூஎல் சர்வரில் கமாண்டுக்கு ஒரு தடவைதான். மாறிய வரிகள் இன்சர்டட், டெலீட்டட் என்ற இரண்டு தற்காலிக டேபிள்களில் கிடைக்கும். மைஎஸ்கியூஎல் பழகிவிட்டு அங்கே போகிறவர்கள், இன்சர்டட்டில் இருந்து லாட் எண்ணை ஒரு வேரியபிளில் எடுத்து வேலையை ஆரம்பிப்பார்கள். ஃபார்மில் ஒரு லாட்டாகச் சேவ் செய்கிறவரை எல்லாம் சரியாக இருக்கும். நாற்பது லாட்டை ஒரே அப்டேட்டில் ஃபினிஷ் ஆக்கினால் ஒரு லாட்டுக்கு மட்டும் பதிவு விழும். எஸ்கியூஎல் சர்வர் ட்ரிகரில் வேரியபிளைப் பார்த்தாலே நான் சந்தேகப்படுவேன். இன்சர்டட் டேபிளோடு ஜாயின் போட்டு மொத்தமாக எழுதுங்கள்.

கமாண்டுக்கு ஒரு தடவை ஓடும் ட்ரிகர், ஒரு வரிகூட சிக்காத அப்டேட்டுக்கும் ஓடும். லாட் எண்ணைத் தப்பாக அடித்து அப்டேட் கொடுத்தால் பூஜ்ய வரி மாறியது என்று வரும், ட்ரிகர் ஓடியிருக்கும். முதல் வரியிலேயே இன்சர்டட், டெலீட்டட் இரண்டும் காலியா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

பிஃபோரா ஆஃப்டரா என்று குழம்புகிறவர்களுக்கு: வருகிற வரியைத் திருத்தவோ தடுக்கவோ பிஃபோர், மற்ற டேபிளில் எழுத ஆஃப்டர். போஸ்ட்கிரெஸ்ஸில் பிஃபோர் ரோ ட்ரிகர் நல்லைத் திருப்பினால் அந்த வரி சத்தமில்லாமல் விடுபடும். எரர் எதுவும் வராது. 'ரிட்டர்ன் நியூ' எழுத வேண்டிய இடத்தில் வேறெதையாவது எழுதிவிட்டு, டேட்டா ஏறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். எஸ்கியூஎல் சர்வரில் பிஃபோர் கிடையாது. ஆஃப்டரும் இன்ஸ்டெட் ஆஃபும் மட்டும். இன்ஸ்டெட் ஆஃப் என்பது கமாண்டைச் செய்யவிடாமல் நம் கோடை ஓட்டுவது, வியூக்களுக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

ட்ரிகர் எழுதுகிற வரியே இன்னொரு ட்ரிகரைக் கிளப்பலாம். லாட்டின் ஆஃப்டர் அப்டேட்டில் இருந்து லாட்டையே அப்டேட் செய்யப் போனால் மைஎஸ்கியூஎல் 1442 என்று எரர் கொடுத்து நிறுத்தும். ஆரக்கிள் ரோ ட்ரிகரில் அதே டேபிளைப் படிக்கப் போனாலே மியூட்டேட்டிங் டேபிள் என்று 4091 வரும். ஒரு ட்ரிகர் இன்னொன்றைக் கிளப்பிக்கொண்டே போனால் எஸ்கியூஎல் சர்வர் 32 அடுக்குவரை போகவிட்டு அப்புறம் நிறுத்தும்.

செலக்ட்டுக்கு ட்ரிகர் கிடையாது. "நம்ம ரேட்டை யார் யார் பாத்தாங்கன்னு ட்ரிகர் போட்டுக் குடும்மா" என்று முதலாளிகள் கேட்பார்கள். அதற்கு டேபிள் ட்ரிகர் வழியில்லை, ஆடிட் வசதி வேறு. ராத்திரி 12 மணிக்கு ஓட வேண்டும் என்பதும் ட்ரிகர் வேலை இல்லை. மைஎஸ்கியூஎல்லில் ஈவென்ட் ஷெட்யூலர், எஸ்கியூஎல் சர்வரில் ஏஜென்ட் ஜாப், லினக்ஸில் க்ரான் என்று அதற்கு ஆள் இருக்கிறது.

டேபிளை உருவாக்குவது, மாற்றுவது, அழிப்பது போன்றவற்றுக்கு ஓடும் ட்ரிகர்களும் உண்டு. எஸ்கியூஎல் சர்வரிலும் ஆரக்கிளிலும் டிடிஎல் ட்ரிகர், போஸ்ட்கிரெஸ்ஸில் 9.3 முதல் ஈவென்ட் ட்ரிகர். லாகின் ஆகும்போது ஓடுவதும் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ்ஸில் அது 17-இல்தான் வந்தது. லாகின் ட்ரிகரை விளையாட்டுக்குப் போடாதீர்கள். எஸ்கியூஎல் சர்வரில் அதற்குள் ஒரு எரர் வந்தால் யாராலும் உள்ளே நுழைய முடியாது, நீங்கள் உட்பட. அட்மினுக்கென்று இருக்கும் தனிக் கனெக்‌ஷன் வழியாகப் போய்த்தான் அதை அணைக்க வேண்டும்.

சாட்சி டேபிளை வைத்தே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ட்ரான்ஸாக்‌ஷன் ஆரம்பித்து, ஒரு அப்டேட் கொடுத்து, கமிட் (உறுதி) செய்யாமல் ரோல்பேக் (ரத்து) செய்யுங்கள். ட்ரிகர் ஓடியது உண்மை, ஆனால் அது எழுதிய வரியும் கூடவே போய்விடும். அடுத்த அப்டேட்டைக் கொடுத்துப் பார்த்தால் சாட்சியின் எண்ணில் இடையே சில எண்கள் விட்டுப்போயிருக்கும். ஒதுக்கிய எண் ரோல்பேக்கில் திரும்பி வருவதில்லை. மாற்றப் பதிவில் எண் தாவியிருப்பதைப் பார்த்து, யாரோ அழித்துவிட்டார்கள் என்று ஆடிட்டர் கேட்டால் முதலில் இதைக் காட்டுங்கள். எஸ்எம்எஸ் அனுப்புவது போன்ற, ரோல்பேக்கில் திரும்பி வராத காரியங்களை ட்ரிகரில் நேராகச் செய்யக் கூடாது என்பதும் இதனால்தான். ட்ரிகர் ஒரு காத்திருப்பு டேபிளில் வரி போடட்டும், கமிட் ஆன வரியைத் தனி புரோகிராம் எடுத்து அனுப்பட்டும்.

பெரிய அப்டேட்டுக்கு முன் எந்த ட்ரிகர்கள் உயிரோடு இருக்கின்றன என்று பார்க்க, மைஎஸ்கியூஎல்லில் 'ஷோ ட்ரிகர்ஸ்'. எஸ்கியூஎல் சர்வரில் சிஸ் ஸ்கீமாவின் ட்ரிகர்ஸ் வியூ, அணைத்து வைத்ததா என்ற காலமும் அதிலேயே உண்டு. போஸ்ட்கிரெஸ்ஸில் அதன் கமாண்ட் கருவியான பிஎஸ்கியூஎல்லுக்குள் பேக்ஸ்லாஷ் டி போட்டு டேபிள் பெயர். ஒரே நிகழ்வுக்குப் பல ட்ரிகர் இருந்தால் போஸ்ட்கிரெஸ் அவற்றைப் பெயரின் அகரவரிசையில் ஓட்டும், அதனால் பெயருக்கு முன்னால் எண் போட்டு வைப்பது என் பழக்கம். தற்காலிகமாக அணைக்க போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் மூன்றிலும் டிசேபிள் உண்டு. மைஎஸ்கியூஎல் 8.0-வில் அது இல்லை, டிராப் செய்து மறுபடி உருவாக்க வேண்டும். அந்த இடைவெளியில் பேக்டரியில் யாராவது சேவ் அழுத்தினால் அது பதிவாகாது. அதனால் ட்ரிகருக்குள்ளேயே முதல் வரியாக ஒரு செஷன் வேரியபிளைப் பார்க்க வைக்கிறேன்: அது 1 என்றால் எஸ்எம்எஸ் பகுதியைத் தாண்டிப் போ. மொத்த வேலை செய்கிற என் கனெக்‌ஷனில் மட்டும் அதை 1 என்று வைப்பேன். மேஸ்திரி கம்ப்யூட்டரில் இருந்து வரும் அப்டேட்டுக்கு எல்லாம் வழக்கம்போல ஓடும்.